வேட்டை ட்ரோஃபிகளை வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது: பணம் எங்கே போகிறது, பெட்டி எங்கே சிக்குகிறது

கேள்வியின் சுருக்கம்: அமெரிக்காவில் வசிப்பவர் ஒருவர் முதல்முறையாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார். குடு, இம்பாலா, ஜெம்ஸ்பாக் என்ற மூன்று மான் வகைகள், சமவெளி வரிக்குதிரை, வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி என்று ஐந்து விலங்குகள் திட்டத்தில் உள்ளன. தோலையும் கொம்பையும் (இவற்றைத்தான் ட்ரோஃபி என்கிறார்கள்) வீட்டுக்கு அனுப்ப வந்திருக்கும் மதிப்பீடு சில ஆயிரம் டாலர். இது நியாயமான தொகையா, குறைக்க வழி உண்டா, எத்தனை மாதம் ஆகும், நடுவில் என்னென்ன தவறு நடக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

ஐந்து விலங்குகளுக்குச் சில ஆயிரம் டாலர் என்பது அநியாயமில்லை. ஆனால் அந்தத் தொகை எந்த இடம் வரைக்கும் என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான மதிப்பீடுகள் நீங்கள் இறங்கும் நாட்டு விமான நிலையத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு சரக்கு முனையக் கட்டணம், சுங்க முகவர் கட்டணம், அங்கிருந்து பாடம் செய்பவரின் (தோலை உயிருள்ள விலங்கு போல வடிவமைத்துத் தருபவரின்) பட்டறைக்குக் கொண்டுபோகும் லாரி வாடகை எல்லாம் தனி. குறைக்க வழி உண்டா என்றால், பெட்டியின் கன அளவைக் குறைக்கலாம். காகிதத்தில் குறைக்க ஒன்றுமில்லை. அங்கே மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள் பெட்டியையே இழந்திருக்கிறார்கள். எதை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறோம், எதை விட்டுவிடப் போகிறோம் என்பதைத் துப்பாக்கியை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்வதுதான் பெரிய சேமிப்பு.

முதலில் களத்தில் நடப்பதைப் பார்ப்போம். பிற்பாடு எவ்வளவு பணம் கொட்டினாலும் சரிசெய்ய முடியாத கெடுதல் முதல் 24 மணி நேரத்தில்தான் நடக்கிறது. வெயில் நாட்டில் விலங்கு விழுந்த உடனே தோலில் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். முடியின் வேர்க்கால் அழுகினால் முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். பச்சைத் தோலில் இது வெளியே தெரியாது. மாதங்கள் கழித்துப் பதனிடும் தொட்டியில் போட்ட பிறகுதான் காது ஓரத்திலும் உதட்டிலும் கண்ணைச் சுற்றியும் வழுக்கை விழும். அதற்கு வைத்தியமே கிடையாது. வேறொரு விலங்கின் தோலை வாங்கிப் போர்த்துவது ஒன்றுதான் வழி.

அதனால் உரிக்கும் கொட்டகையில் சில விஷயங்களை நின்று பாருங்கள். தோலில் ஒட்டியிருக்கும் சதையும் கொழுப்பும் முழுக்கச் சீவப்பட்டிருக்க வேண்டும். கொழுப்பு மேல் உப்பு இறங்காது. காது மடலை உள்ளிருந்து குருத்தெலும்பின் நுனிவரை பிரித்துத் திருப்பியிருக்க வேண்டும். உதடு, மூக்குத் துவாரம், கண்ணிமை மூன்றையும் பிளந்து உப்பு உள்ளே போக வழி செய்திருக்க வேண்டும். முடி கழலும் தோல்களில் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் கோளாறு தொடங்கியிருக்கும். உப்பு அயோடின் கலக்காத பொடி உப்பாக இருக்கட்டும். கல்லுப்பு தோலோடு ஒட்டாது. அளவு, ஒரு கிலோ பச்சைத் தோலுக்குக் குறைந்தது ஒரு கிலோ உப்பு. ஒரு நாள் கழித்து நீர் கோத்த பழைய உப்பை உதறிவிட்டுப் புது உப்பு போட வேண்டும். அதன் பிறகு நிழலில், காற்றோட்டத்தில் காய வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் விரித்தால் மேல்புறம் சுட்டு இறுகிவிடும், உட்புறம் அழுகும். அப்படிப்பட்ட தோல் பிற்பாடு தண்ணீரில் ஊறாது, இழுத்தால் கிழியும்.

வெட்டும் இடமும் முக்கியம். கழுத்தும் தோளும் சேர்ந்த மார்பளவுப் பாடத்துக்குத் தோலை முன்னங்கால்களுக்குப் பின்னால், விலா எலும்பின் நடுப்பகுதிவரை விட்டு வெட்டச் சொல்லுங்கள். தோள்பட்டையோடு நறுக்கிவிட்டால், மீதிக்கு வேறு தோல் வாங்க வேண்டும். வரிக்குதிரையைத் தரை விரிப்பாகப் போடுவதா, மார்பளவுப் பாடமா என்று உரிப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் கத்தி ஓடும் கோடே வேறு.

மண்டையோட்டைக் கொதிக்க வைத்துச் சதை முழுவதும் நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து அனுப்புவார்கள். குடு போன்ற மறிமான் இனங்களிலும் மாட்டினங்களிலும் கொம்பு என்பது எலும்பு மேல் மாட்டிய உறை. அந்த உறையைக் கழற்றாமல் விட்டால் உள்ளே மிஞ்சும் திசு அழுகி நாறும், புழு வைக்கும். ஆப்பிரிக்காவில் கொம்பையே தின்னும் ஒரு விட்டில்பூச்சிப் புழு உண்டு. கொம்பின் மேல் சிறு குழாய்கள் முளைத்தது போலத் தெரிந்தால் அதுதான். இறங்கும் துறைமுகத்தில் ஆய்வாளர் கண்ணில் அது பட்டால் பெட்டி நிற்கும், புகைபோட்டுச் சுத்தம் செய்யும் செலவும் உங்கள் தலையில் விழும்.

பெயரட்டை விஷயத்தில் வெட்கப்படாமல் கறாராக இருங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் குறைந்தது இரண்டு உலோகத் தகடுகள் வேண்டும், ஒன்று தோலில், ஒன்று மண்டையோட்டில். காகித அட்டை உப்பு நீரில் கரைந்துவிடும். தகட்டு எண் தெரியும்படி கொம்பை முன்பக்கம், இடம், வலம் என்று படம் எடுங்கள். ஒவ்வொரு கொம்பின் நீளத்தையும் அடிச்சுற்றளவையும் நாடா வைத்து அளந்து அன்றைக்கே எழுதி வையுங்கள். பெட்டி கட்டி அனுப்பும் பொதிக்கூடம் ஒன்றில் ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கான இம்பாலாக்கள் வந்து குவியும். மாறிப்போனால் நினைவில் இருப்பதைச் சொல்லி வாதாட முடியாது. படமும் அளவும் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

இனி பெரிய முடிவு. தோலையும் மண்டையோட்டையும் அப்படியே மருந்தில் முக்கிப் பெட்டி கட்டி அனுப்புவதா (இதைத்தான் டிப் அண்ட் பேக் என்கிறார்கள்), இல்லை அங்கேயே பாடம் செய்து முடித்து அனுப்புவதா? ஆப்பிரிக்காவில் பாடம் செய்யும் கூலி பல சமயம் குறைவுதான். அதைப் பார்த்து மயங்கிப் பலர் அங்கேயே வேலையை ஒப்படைத்துவிடுகிறார்கள். விமானச் சரக்கில் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடும்.

விமான நிறுவனம் உண்மை எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் கன எடை கிலோவில் வரும். உங்கள் ஐந்து விலங்குகளின் காய்ந்த தோலும் மண்டையோடும் 120 × 80 × 80 பெட்டியில் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 7,68,000, வகுத்தால் 128 கிலோ. பெட்டியின் உண்மை எடை 80 கிலோவாகவே இருந்தாலும் 128 கிலோவுக்குத்தான் காசு. இப்போது ஒரே ஒரு குடு, மார்பளவுப் பாடம், சுருள் கொம்போடு 110 × 90 × 150 பெட்டியில் வருகிறது என்றால் கணக்கு 247 கிலோவைத் தாண்டும். நீங்கள் காசு கொடுத்து ஏற்றுவதில் முக்கால்வாசி வெறும் காற்று. ஐந்தையும் பாடம் செய்து அனுப்பினால் கூலியில் மிச்சம் பிடித்ததெல்லாம் சரக்குக் கட்டணத்தில் போய்விடும். பயணத்தில் காது நுனி உடைவதும், ஈரமான ஊரிலிருந்து வறண்ட வீட்டுக்கு வந்ததும் தையல் விரிவதும் கண்ணோரம் வெடிப்பதும் கூடுதல் தலைவலி.

அங்கேயே பாடம் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் கொம்பைக் கழற்றி மாட்டும்படி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். குடுவுக்கும் ஜெம்ஸ்பாக்குக்கும் இதனால் பெட்டியின் உயரம் பாதியாகக் குறையும். உயரத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு. பெரிய பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் சுமார் 160 சென்டிமீட்டர் உயரம் வரைதான் ஏற்றலாம். அதைத் தாண்டினால் முழுச் சரக்கு விமானம் தேட வேண்டும். கழுத்தோடு பாடம் செய்த ஒட்டகச்சிவிங்கி எத்தனை பேரைத் திண்டாட வைத்திருக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

டிப் அண்ட் பேக்கிலும் இடம் மிச்சம் பிடிக்கலாம். கொம்பு உறைகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, தோல்களை இடைவெளியில் மடித்து வைத்தால் பெட்டியின் உயரம் 80இலிருந்து 60ஆகக் குறையக்கூடும். 128 கிலோ 96 ஆகிவிடும். பெட்டியை ஆணியடிக்கும் முன் உத்தேச அளவை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கேட்கிற ஆளுக்கு நெருக்கமாக அடுக்குவார்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, அதிகம் பேர் யோசிப்பதில்லை. விரிப்பாகப் போடப்போகும் வரிக்குதிரைத் தோலை அங்கேயே முழுமையாகப் பதனிட்டுவிடுவது. முழுக்கப் பதனிட்ட தோலுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையின் கெடுபிடி பெருமளவு விலகிவிடுகிறது, மடித்தால் சிறிதாகவும் ஆகும். மார்பளவுப் பாடத்துக்கு வேண்டிய தோலுக்கு மட்டும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாடம் செய்பவர் தன் கையால் பதனிட்ட தோலில்தான் முகத்தைச் சரியாகக் கொண்டுவர முடியும்.

பெட்டி மரத்திலும் விதி இருக்கிறது. ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேசத் தரப்படி, பச்சை மரப்பலகையில் செய்த பெட்டி என்றால் மரத்தின் மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அதற்கான கோதுமைக் கதிர் முத்திரை பெட்டியின் மேல் தெரிய வேண்டும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை. ஆனால் ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு அடியில் சும்மா கிடந்த மரக்கட்டையை அடித்துக் கால் வைத்துவிடுவார்கள். முத்திரை இல்லாத அந்த ஒரு கட்டைக்காகப் பெட்டி திருப்பி அனுப்பப்படலாம்.

காகிதத்துக்கு வருவோம். உங்கள் பட்டியலில் இருக்கும் ஐந்தும் சைட்டிஸ் பட்டியலில் இல்லாதவை. அழிநிலை உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான் சைட்டிஸ், 1975இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இல்லாததால் வேட்டை அனுமதி, தொழில்முறை வேட்டை வழிகாட்டி கையெழுத்திட்ட பதிவேடு, மாகாண ஏற்றுமதி அனுமதி, கால்நடை மருத்துவச் சான்று, ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு), பொருள் பட்டியல் இவற்றோடு வேலை முடிந்துவிடும். அந்த வழிகாட்டிப் பதிவேட்டை ஊருக்குத் திரும்பும் முன் உங்கள் கண்ணெதிரே நிரப்பிக் கையெழுத்து வாங்கி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற ஒவ்வொரு காகிதமும் அதைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் விரிந்தும் நிற்பது வழக்கம். அது ஒன்று போதும், ஒரு மாதம் கடத்த.

வேட்டையின் நடுவே மனசு மாறி இன்னொரு விலங்கைச் சேர்க்கும்போதுதான் ஆபத்து. முகாமில் ஒரு பபூன் குரங்கோ, காரகால் என்ற காட்டுப்பூனையோ எதிர்ப்பட்டால் சுட்டுக்கொள்ளலாம் என்பார்கள், கட்டணமும் சொற்பமாக இருக்கும். ஆனால் பபூன், காரகால், நீர்யானை, ஆப்பிரிக்கச் சிங்கம், ஹார்ட்மன் மலை வரிக்குதிரை, 2019 நவம்பரிலிருந்து ஒட்டகச்சிவிங்கி, இவை எல்லாம் சைட்டிஸ் இரண்டாம் பட்டியல். ஏற்றுமதிக்குத் தனி பெர்மிட் வேண்டும். குரங்கினம் என்றால் அமெரிக்காவில் நோய்த்தடுப்பு மையத்தின் விதியும் சேரும். தொற்று ஏற்படுத்தாத நிலைக்குப் பக்குவப்படுத்தியதைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அனுமதி வாங்க வேண்டும். சில நூறு டாலர் பபூனுக்காக மொத்தப் பெட்டியும் இரண்டு மூன்று மாதம் காத்திருக்கும். அப்படி ஆசைப்பட்டுச் சுட்டால் தயவுசெய்து அதைத் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.

பெயரில் வரும் குழப்பத்துக்கு நல்ல உதாரணம் பிளெஸ்பாக், பான்டிபாக் என்ற மான்கள். இரண்டும் ஒரே இனத்தின் உள்ளினங்கள், முகத்தில் வெள்ளைப் பட்டை, பார்வைக்கு அண்ணன் தம்பி. பிளெஸ்பாக்குக்குச் சைட்டிஸ் கிடையாது. பான்டிபாக் நெடுங்காலம் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருந்தது, அமெரிக்க அழிநிலை உயிரினச் சட்டத்திலும் இருக்கிறது. அமெரிக்காவுக்குக் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி பெர்மிட் வாங்க வேண்டும். அதனால் எல்லாக் காகிதத்திலும் அறிவியல் பெயர் உள்ளினம் வரை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் கடுமையான சைட்டிஸ் முதல் பட்டியலில் இருக்கும் சிறுத்தை போன்றவற்றுக்கு இரண்டு பக்கமும் பெர்மிட் வேண்டும். முதலில் உங்கள் நாடு இறக்குமதி பெர்மிட் தரும். அதைப் பார்த்துத்தான் அந்த நாடு ஏற்றுமதி பெர்மிட் தரும். சிறுத்தைத் தோலில் கழற்ற முடியாத பூட்டுத் தகடு குத்தியிருக்க வேண்டும், தகட்டு எண்ணும் ஒதுக்கீட்டு ஆண்டும் பெர்மிட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். யானைத் தந்தத்தில் நாட்டுக் குறியீடு, ஆண்டு, வரிசை எண், எடை எல்லாம் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பெர்மிட் கையில் கிடைத்ததும் சில இடங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பாருங்கள். நோக்கத்துக்கான கட்டத்தில் எச் என்ற எழுத்து இருக்க வேண்டும், அதுதான் வேட்டை ட்ரோஃபி என்பதற்கான குறியீடு. தனிப்பட்ட பொருள் என்பதற்கான பி அங்கே இருந்தால் திருத்தி வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் பெர்மிட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிங்கம், சிறுத்தை வேட்டையில் தோள் தசைக்குள் மிதக்கும் இரண்டு சிறிய காறை எலும்புகளை நினைவுக்காக எடுத்து வைப்பது வழக்கம். அந்தச் சிறிய எலும்பு பெர்மிட்டில் விடுபட்டால் அது அனுமதி இல்லாத பொருள்தான். நகங்களுக்கும் இதே கதை. கடைசியாக, பெட்டி கிளம்பும் விமான நிலையத்தில் அதிகாரி உண்மையில் ஏற்றுமதியான எண்ணிக்கையை எழுதி முத்திரை குத்திக் கையெழுத்திட வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது வெறுமையாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் இந்தப் பக்கம் பறிமுதல் செய்துவிடுவார்கள். விமானம் கிளம்பிய பிறகு இதைச் சரிசெய்வது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் முத்திரை விழுந்த பக்கத்தின் படத்தைக் கிளம்பும் முன் அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்றுமதி பெர்மிட்டின் ஆயுள் ஆறு மாதம். அதற்குள் கிளம்பினால் போதாது, இறங்குமிடத்தில் அதை நீட்டியாக வேண்டும். கடல் வழியில் அனுப்புகிறவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

இப்போது அமெரிக்காவில் இறங்கும்போது. மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும், வரிசையும் முக்கியம். முதலில் மீன் மற்றும் வனவுயிர்த் துறை. 3-177 என்ற படிவத்தில் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும். அட்லான்டா, ஹூஸ்டன், நியூயார்க், சிகாகோ, டல்லஸ் போன்ற குறிப்பிட்ட நுழைவுத் துறைமுகங்கள் (விமான நிலையமும் இதில் அடங்கும்) வழியாகத்தான் வனவுயிர்ப் பொருட்கள் வர வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறதே என்று வேறு ஊருக்கு டிக்கெட் போட்டால் தனி அனுமதியும் கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். அடுத்தது வேளாண்மைத் துறை. கோமாரி நோய் உள்ள பகுதியிலிருந்து வரும் மான், மாடு இனப் பச்சைத் தோல்களும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காரணமாக உங்கள் வார்ட்ஹாக் தோலும் அத்துறை அங்கீகரித்த பட்டறைக்குத்தான் நேராகப் போக வேண்டும். உங்கள் வீட்டு முகவரிக்கு வராது. நீங்கள் நினைத்திருக்கும் பாடம் செய்பவர் அந்த அங்கீகாரம் உள்ளவரா என்று வேட்டைக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற வேறொரு பட்டறை பெட்டியை வாங்கி, பக்குவப்படுத்தி, பிறகு இவருக்கு அனுப்பும். இரண்டு லாரி வாடகை. சதையும் ரத்தமும் ஒட்டாத, நன்றாகக் காய்ந்த மண்டையோடு, கொம்பு, பன்றித் தந்தம் ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. மூன்றாவது சுங்கம். அறிவித்த மதிப்பு 2,500 டாலரைத் தாண்டினால் முறையான நுழைவுப் பதிவும் பிணைப் பத்திரமும் வேண்டும்.

இதற்கெல்லாம் சுங்க முகவர் கட்டாயம் இல்லை, நீங்களே செய்யலாம். ஒரே விலங்கு, சைட்டிஸ் இல்லை, குறிப்பிட்ட துறைமுகத்துக்கு அருகில் வசிக்கிறீர்கள், வேலை நாளில் அங்கே போய் நிற்க முடியும் என்றால் முயன்று பாருங்கள். மற்ற நிலைகளில் ட்ரோஃபி வேலை தெரிந்த முகவருக்குக் கொடுக்கும் சில நூறு டாலர் வீண் செலவில்லை. கிடங்கில் இலவசமாக வைத்திருப்பது சில நாட்கள்தான். அதன் பிறகு எடைக்கும் நாளுக்கும் ஏற்ப டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். வெள்ளிக்கிழமை மாலை இறங்கிய பெட்டிக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்தே ஓடும். முகவருக்குத் தரவேண்டிய அதிகாரப் பத்திரத்தைப் பெட்டி கிளம்புவதற்கு முன்பே கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.

கடல் வழியா, விமானமா? கடலில் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், எது அதிகமோ அதற்குக் கட்டணம். ஒரு கன மீட்டருக்குக் குறைந்தாலும் அந்த அளவுக்குத்தான் பொதுவாக வாங்குவார்கள். பாடம் செய்து முடித்த பெரிய பெட்டிகளுக்கு இது லாபம். உங்கள் 0.77 கன மீட்டர் பெட்டிக்கு விமானமே மேல். கடலில் வந்தால் அமெரிக்காவுக்கு முன்கூட்டிய பாதுகாப்பு அறிவிப்பு ஒன்று உண்டு, கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். மற்றவர்களின் சரக்கோடு ஒரே கொள்கலனில் போகும்போது யாரோ ஒருவரின் சரக்கைச் சோதிக்க நிறுத்தினாலும் உங்களுடையதும் நிற்கும், சோதனைச் செலவில் பங்கும் வரும். வெப்பமண்டலத்தைக் கடக்கும்போது கொள்கலனுக்குள் வியர்க்கும் ஈரம் உப்பிட்ட தோலுக்கு நல்லதல்ல.

கூட வந்த நண்பர்களோடு ஒரே பெட்டியில் போட்டால் செலவு குறையும் என்பது உண்மை. ஒருவர் காகிதத்தில் பிழை என்றால் எல்லோருடையதும் நிற்கும் என்பதும் உண்மை. எல்லாருமே சைட்டிஸ் இல்லாத விலங்குகளை மட்டும் எடுத்திருந்தால் சேர்த்து அனுப்புங்கள். ஒருவரிடம் ஒரே ஒரு சைட்டிஸ் விலங்கு இருந்தாலும் பிரித்துவிடுங்கள்.

விமான நிறுவனங்களின் கொள்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்ட செய்தி உலகெங்கும் பரவியதும், ஆகஸ்டில் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகியவை சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஐந்தின் ட்ரோஃபிகளை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தன. கேப் எருமைக்குச் சைட்டிஸ் கிடையாது, அரசாங்கம் எதுவும் தடுக்கவில்லை, ஆனாலும் இந்த நிறுவனங்களில் ஏறாது. வழித்தடம் சுருங்கினால் கட்டணம் கூடும். எருமை எடுக்கிறவர்கள் மதிப்பீட்டில் எந்த விமானம், எங்கே மாறுகிறது என்று கேட்க வேண்டும். இடையில் இறங்கி மாறும் நாடு ஐரோப்பாவில் இருந்தால் அந்நாட்டு விதியும் குறுக்கே வரலாம். நெதர்லாந்து 2016இல் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களின் ட்ரோஃபிகளுக்குக் கதவை மூடியது. பிரான்ஸ் 2015இல் சிங்கத்தை நிறுத்தியது.

சட்டம் நடுவில் மாறும் ஆபத்து உங்கள் ஐந்துக்கும் மிகக் குறைவு. பெரிய விலங்குகளுக்கு அப்படியில்லை. 2014 ஏப்ரலில் தான்சானியா, ஜிம்பாப்வே யானை ட்ரோஃபிகளை அமெரிக்கா திடீரென நிறுத்தியது. 2008 மே மாதம் பனிக்கரடியை அழிநிலைப் பட்டியலில் சேர்த்தபோது, கனடாவில் சட்டப்படி வேட்டையாடி முடித்திருந்த அமெரிக்கர்களின் தோல்கள் அங்கேயே குளிர்பதனக் கிடங்கில் மாட்டிக்கொண்டன. சுட்ட நாளில் இருந்த சட்டம் செல்லும் என்று நம்பி இருக்க முடியாது. எல்லையைக் கடக்கும் நாளின் சட்டம்தான் கேட்கப்படும். யானை, சிறுத்தை மேல் ஆசை இருந்தால் இறக்குமதி பெர்மிட் கையில் வந்த பிறகு பயணத் தேதி குறியுங்கள்.

இதே பெட்டி ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போவதாக இருந்தால் சில வேறுபாடுகள். தோல் காய்ந்ததாகவோ, அனுப்பும் முன் குறைந்தது 14 நாள் உப்பில் கிடந்ததாகவோ இருக்க வேண்டும். ட்ரோஃபிகள் தனித்தனியாக, ஒளி ஊடுருவும் மூடிய உறையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். சிங்கம், நீர்யானை, ஆப்பிரிக்க யானை, தென்வெள்ளைக் காண்டாமிருகம், அர்காலி ஆடு, பனிக்கரடி ஆறுக்கும் 2015 முதல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருந்தாலும் இறக்குமதி பெர்மிட் கட்டாயம்.

காப்பீடு எடுங்கள், ஆனால் விதிவிலக்குகளைப் படித்துவிட்டு. பெட்டி தொலைந்தாலோ நனைந்தாலோ உடைந்தாலோ பணம் வரும். அரசு பறிமுதல் செய்தால் வராது. களத்தில் உப்பு சரியாகப் போடாததால் முடி கொட்டினாலும் வராது.

கால அளவைப் பொறுத்தவரை, டிப் அண்ட் பேக்குக்கு வேட்டை முடிந்து நான்கு முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே பாடம் என்றால் ஒரு வருடமும் அதற்கு மேலும். வேட்டைப் பருவம் முடியும்போது எல்லாத் தோல்களும் ஒரே நேரத்தில் பொதிக்கூடத்துக்கு வருவதால், பருவத் தொடக்கத்தில் போகிறவர் பெட்டி முதலில் கிளம்பும். மாதம் ஒரு முறை மின்னஞ்சலில் நிலவரம் கேளுங்கள். கேட்காதவர் பெட்டி மூலையில் கிடக்கும்.

ஆக, உங்கள் ஐந்து விலங்குகளுக்கு என் யோசனை இப்படி. குடுவும் ஜெம்ஸ்பாக்கும் மார்பளவுப் பாடத்துக்கான தோலும் கொம்பும். வரிக்குதிரை அங்கேயே பதனிட்ட தோல். இம்பாலா மண்டையோடும் கொம்பும் மட்டும், சுவரில் அழகாகவே இருக்கும். வார்ட்ஹாக் வெளுத்த மண்டையோடு தந்தத்தோடு. அதன் தோலை விட்டுவிட்டால் பன்றிக் காய்ச்சல் விதி பெரும்பாலும் விலகுகிறது, அந்த விலங்கில் பார்க்கத்தக்கது தந்தம்தான். மதிப்பீடு தருபவரிடம் இவற்றைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: பண்ணையிலிருந்து பொதிக்கூடம் வரை வண்டி வாடகை, முக்குவதும் வெளுப்பதும், பதனிடும் கூலி, பெட்டி, ஆவணங்கள், மருத்துவச் சான்று, விமானக் கட்டணம் எந்த ஊர்வரை, இறங்கிய பிறகு என்னென்ன. பதனிடுவது மற்றதைவிட மாதக்கணக்கில் தாமதமாகும் என்றால், வரிக்குதிரைக்காக மற்ற நான்கையும் காக்க வைக்கலாமா, இரண்டு பெட்டிக்கு இரண்டு தடவை ஆவணக் கட்டணம் கொடுக்கலாமா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அவசரம் இல்லையென்றால் காத்திருப்பதே மலிவு.

பெட்டி பட்டறைக்கு வந்ததும் திறக்கும்போது உடனிருங்கள், முடியாவிட்டால் திறப்பதைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். தகட்டு எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, கொம்பின் அளவை உங்கள் குறிப்போடு சரிபாருங்கள். சேதம் இருந்தால் பெட்டியின் வெளிப்புறத்தோடு சேர்த்துப் படம் எடுத்து விமான நிறுவனத்துக்கும் காப்பீட்டுக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். விமானச் சரக்குச் சேதத்துக்குச் சர்வதேச விதிப்படி பெட்டியைப் பெற்ற 14 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். முத்திரை விழுந்த 3-177 படிவத்தையும் ஏற்றுமதி ஆவணங்களையும் பாடம் செய்த பொருளோடு கடைசிவரை வைத்திருங்கள். வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலோ, பிள்ளைகளுக்குக் கொடுத்தாலோ அதே காகிதங்களை மறுபடி கேட்பார்கள்.